சிவப்பாக வாசி, நீலமாக வாசி

ஜப்பானின் ஹமாமத்ஸு நகரத்தில் 6 வயதில் பியானோ கற்கத் தொடங்கினார் ஒரு சிறுமி. அவருடைய ஆசிரியை "இங்கே பலமாக, அங்கே மெதுவாக" என்று சொல்வதில்லை. உணர்ச்சி கொதிக்கிற இடம் வந்தால் "சிவப்பாக வாசி" என்பார். அமைதியான இடம் என்றால் "நீலமாக வாசி". இசைத்தாளிலும் கலர் பென்சிலால் தீட்டிவிடுவார். அந்தச் சிறுமிதான் ஜாஸ் பியானோ கலைஞர் ஹிரோமி உயெஹாரா. 2003-இல் 'அனதர் மைண்ட்' என்ற முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள், வாசிப்பது இரண்டு கைதானா என்று சந்தேகப்பட்டிருந்தால் அதில் தவறில்லை.

ஆனால் அந்த ஆசிரியை சொன்னதை இயற்பியல் படித்தவர் யாராவது கேட்டால் புருவத்தை உயர்த்துவார். வயலினில் வில்லின் அழுத்தத்தை மாற்றலாம். குரலை வளைக்கலாம், குழைக்கலாம். பியானோவில் என்ன இருக்கிறது? கட்டையை அழுத்தலாம், விடலாம். இதில் சிவப்பு எங்கே, நீலம் எங்கே?

கட்டைக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய கிராண்ட் பியானோவில் ஒரு கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் கீழே இறங்கும். நெம்புகோல்களின் வழியாக அந்த அசைவு பெருகி, ஃபெல்ட் எனப்படும் இறுக்கிய கம்பளி சுற்றிய சிறு சுத்தியல் ஒன்று ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் மேலே போய்க் கம்பியை அடிக்கும். சூட்சுமம் கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே சுத்தியலைத் தள்ளிக்கொண்டு வந்த நெம்புகோல் வேண்டுமென்றே நழுவிக்கொள்ளும். நழுவாவிட்டால் சுத்தியல் கம்பியோடு ஒட்டி நின்று ஒலியை அமுக்கிவிடும். 1700 வாக்கில் ஃப்ளோரன்ஸில் பியானோவை உருவாக்கிய பார்தொலொமேயோ கிறிஸ்தொஃபோரி தீர்த்த சிக்கல்களில் முக்கியமானது இதுதான்.

ஆக, கம்பியைத் தொடுகிற கணத்தில் சுத்தியலுக்கும் விரலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கேரம் போர்டில் ஸ்டிரைக்கரைச் சுண்டி விட்ட பிறகு நாம் உடம்பை எவ்வளவு வளைத்தாலும் அது போகிற பாதையில்தானே போகும்? அதே கதைதான். கலைஞர் கம்பிக்கு அனுப்ப முடிந்தது அநேகமாக ஒரே ஒரு எண்: சுத்தியலின் வேகம்.

சரி, அந்த ஒரு எண்ணிலிருந்து நிறம் எப்படி வருகிறது? இங்கேதான் கம்பளி வேலை செய்கிறது. ஃபெல்ட்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: அழுத்த அழுத்தக் கடினமாகும். மெதுவாக வந்து மோதும்போது அது தலையணை மாதிரி. கம்பியில் சற்று அதிக நேரம் தங்கி, ஒவ்வொரு சுரத்தோடும் கூடவே எழும் நுணுக்கமான மேல்சுரங்களை விழுங்கிவிடும். அடிச்சுரம் மட்டும் உருண்டையாகக் கேட்கும். வேகமாக மோதினால் அதே ஃபெல்ட் இறுகி மரத்துண்டு போலாகிவிடும். சட்டென்று தொட்டு விலகும். மேல்சுரங்கள் எல்லாம் பளீரென்று எழும். தொட்டு விலகும் இந்த நேரம் கனத்த கீழ்ச்சுரங்களில் சுமார் 4 மில்லிசெகண்ட், உச்சச் சுரங்களில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் பலமாக வாசித்த சுரம், மெல்லிய சுரத்தின் சத்தம் கூட்டிய பிரதி அல்ல. அதன் ஒலிக் கலவையே வேறு. ஆசிரியையின் சிவப்பு வெறும் உருவகம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒரே வேகத்தில் ஒரு கட்டையை மேதையின் விரல் அழுத்தினாலும் குடைக்காம்பின் நுனி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான் என்று இயற்பியலாளர்கள் பியானோ கலைஞர்களைச் சீண்டுவது உண்டு. இது முக்கால்வாசி உண்மை. மிச்சம் கால்வாசி சத்தங்களில் இருக்கிறது. விரலை உயரத்திலிருந்து போட்டால் நகமும் சதையும் கட்டையில் மோதும் 'டக்' ஒலி, சுரத்துக்குச் சில பத்து மில்லிசெகண்ட் முன்பே வந்துவிடும். விரலை வைத்து அழுத்தினால் அது வராது. இந்த வேறுபாட்டைச் சோதனைகளில் கேட்டுக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது நேரக் கணக்கு. ஓங்கி அடித்தால் கட்டை அசையத் தொடங்கி 25 மில்லிசெகண்டில் ஒலி வரலாம். மிக மெதுவாக அழுத்தினால் 100-ஐயும் தாண்டும். விரல்கள் ஒன்றாகவே இறங்கினாலும், அழுத்தமாக வாசிக்கப்படும் முதன்மை மெட்டு மற்ற சுரங்களைவிடச் சுமார் 30 மில்லிசெகண்ட் முந்திக்கொள்ளும். காதுக்கு அது தாமதமாகப் படுவதில்லை. மெட்டு தனியே மேலே மிதப்பதாகத் தோன்றும்.

அப்புறம் வேகம். ஒரே கட்டையை மீண்டும் மீண்டும் அடிக்க, பழைய பியானோக்களில் கட்டை முழுவதும் மேலே வந்தாக வேண்டும். 1821-இல் செபாஸ்தியன் எரார் இதற்கொரு வழி கண்டார். அடித்துத் திரும்பும் சுத்தியலைப் பாதி வழியிலேயே பிடித்து நிறுத்தி, கட்டை கொஞ்சம் எழுந்ததும் நெம்புகோலை ஒரு ஸ்பிரிங் மறுபடி அடியில் நுழைய விடும். கிராண்ட் பியானோவில் ஒரே சுரத்தை விநாடிக்கு 14 முறை வரை வாசிக்கலாம் என்பார்கள். கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வீட்டு அப்ரைட் பியானோவில் ஏறக்குறைய 7 தான்.

இயந்திரம் தயார், மூளை? 1951-இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி இதைத்தான் கேட்டார். இசைக்கலைஞரின் விரல்கள் விநாடிக்கு 16 அசைவுகள் வரை போகும். ஒரு விரல் பட்ட செய்தி மூளைக்குப் போய், அடுத்த விரலுக்கு ஆணை வர அந்த இடைவெளி போதாது. அப்படியானால் மூளை சுரம் சுரமாக ஆணையிடுவதில்லை. ஒரு கொத்தை முன்கூட்டியே தயாரித்து மொத்தமாக அவிழ்த்து விடுகிறது. மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் ஜாஸில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே: அந்தக் கொத்துகளை எந்த வரிசையில் கோப்பது என்பது அந்த நொடியில் தீர்மானமாக வேண்டும்.

ஹிரோமிக்கு அந்தச் சோதனை 17 வயதில் வந்தது. டோக்கியோவில் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியாவைச் சந்தித்தார். அடுத்த நாள் கச்சேரியிலேயே கொரியா அவரை மேடையேற்றினார். 1999-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி. அங்கே பாடம் எடுத்த ரிச்சர்ட் எவன்ஸும் மூத்த பியானோ கலைஞர் அகமத் ஜமாலும் சேர்ந்து தயாரித்ததுதான் 'அனதர் மைண்ட்'. முதல் பாட்டு 'எக்ஸ்ஒய்இசட்' தாளத்தை முறித்து முறித்து ஓடும். கடைசிப் பாட்டு 'தி டாம் அண்ட் ஜெர்ரி ஷோ', பெயருக்கேற்ற துரத்தல். வேகத்துக்காகவே அந்த ஆல்பத்தைப் புகழ்ந்தவர்கள் 'சம்மர் ரெயின்' பாட்டைக் கொஞ்சம் அவசரமாகத் தாண்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு பாஸ் கிடார் கலைஞர் ஆண்டனி ஜாக்ஸன், டிரம்ஸ் கலைஞர் சைமன் ஃபிலிப்ஸ் இருவருடன் மூவர் குழு, பாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் குழுவோடு 2011-இல் கிராமி இசை விருது, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா மேடை. இவற்றுக்கிடையே 2019-இல் துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக ஒரு பியானோ ஆல்பம் வெளியிட்டார். பெயர் 'ஸ்பெக்ட்ரம்', பாட்டுகளின் தலைப்புகள் பலவும் நிறங்களைச் சுற்றியவை. அதில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் புகழ்பெற்ற 'ரேப்சடி இன் ப்ளூ'வை எடுத்து 'ரேப்சடி இன் வேரியஸ் ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ' என்று விரித்திருக்கிறார். நீலத்தின் சாயல்களுக்கு மட்டும் 20 நிமிடத்துக்கும் மேல்.