"எப்போ இறக்கினீங்க?" பண்டிகை விருந்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு தீபாவளி. இரவு பதினொன்றரை மணிக்குச் சித்தி போன் செய்தார். "தம்பி, மாப்பிள்ளைக்கு வயித்தைப் பிடிச்சு இழுக்குதாம்டா. அவங்க அப்பாவுக்கும் போகுது. எனக்கும் சரியில்ல." தங்கைக்கு அது தலைதீபாவளி. இருபத்திரண்டு பேர் சாப்பிட்ட வீட்டில் பதினான்கு பேருக்கு வயிற்று வலியும் பேதியும். வாந்தி யாருக்கும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் கேட்ட முதல் கேள்வி, "பிரியாணியை எப்போ வாங்கினீங்க?" காலை ஏழரைக்கு. எப்போ சாப்பிட்டீங்க? ஒன்றரைக்கு. சரி, பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

நான் மதுரையில் ஓட்டல், மெஸ், கேட்டரிங் சமையலறைகளில் வேலை செய்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன். வருடம் முழுக்க அடுப்படிகளில் நின்று பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். ஓட்டல் மோசமாக இருந்தால்தான் வயிறு கெடும் என்று நாம் நினைக்கிறோம். சித்தி வீட்டுக்குப் பிரியாணி வந்தது நல்ல பெயர் எடுத்த கடையிலிருந்துதான். கறி புதிது, அரிசி நல்ல சீரகச் சம்பா, மாஸ்டர் கைதேர்ந்தவர். ஆனால் தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டிய ஆட்களுக்காக விடியற்காலை மூன்று மணிக்கே தம் போட்டு, ஆறரைக்கெல்லாம் கடைசி அண்டாவையும் இறக்கிவிட்டார்கள். ஆர்டர் மூன்று மடங்கு, ஆள் பாதி. எந்த ஓட்டலுக்கும் பண்டிகை நாள்தான் ரொம்பப் பலவீனமான நாள். வருடம் முழுக்க நம்பிச் சாப்பிடும் கடையிலும் அன்றைக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

வாங்கியதிலிருந்து சாப்பிடும் வரை போன அந்த ஆறு மணி நேரத்தில் அண்டாவுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கறியோடும் மசாலாவோடும் மண்ணோடும் வரும் சில நுண்ணுயிரிகள், கொதிக்கும்போது சாகாமல் விதை போல ஒரு கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். தம்மில் இருக்கும் வரை அடங்கிக் கிடக்கும். சூடு இறங்க ஆரம்பித்ததும் முளைக்கும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் கறி சமைத்து மெதுவாக ஆறவிடும் இடமெல்லாம் அதற்குக் கல்யாண வீடுதான். 43 டிகிரியிலிருந்து 47 டிகிரி வரையிலான சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். மணம் மாறாது, ருசி மாறாது. சாப்பிட்டு எட்டு, பத்து மணி நேரம் கழித்துத்தான் வயிறு பேசும். சித்தி வீட்டில் நேரமும் அறிகுறியும் அப்படியே பொருந்தின. சோதனைக்கு அனுப்பப் பிரியாணியில் மிச்சம் இல்லை, அதனால் அடித்துச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் அதையே செய்து காட்டினேன். மூன்று கிலோ அரிசி பிரியாணி, அலுமினிய அண்டா, மூடி போட்டு மேலே துணி சுற்றி வைத்தோம். ஆறு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை நடுவில் இறக்கினேன். 44 டிகிரி. கையை வைத்துப் பார்த்த மாஸ்டர் ஒருவர், "இன்னும் சூடாத்தானே சார் இருக்கு?" என்றார். கைக்கு அது சூடுதான். ஆனால் சமைத்த பண்டத்துக்கு 5 டிகிரிக்கு மேலும் 60 டிகிரிக்குக் கீழும் உள்ள அத்தனையும் ஆபத்தான இடைவெளி. அதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதுதான் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு.

"மறுபடி சூடு பண்ணிட்டா சரியாப் போயிடுமே" என்று எல்லோரும் கேட்பார்கள். கறிக்குழம்பை நடுப்பகுதி வரை தளதளவென்று கொதிக்க வைத்தால், வளர்ந்த கிருமி பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் வேறு வகை. அது சோற்றிலேயே நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதியில் அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அதனால்தான் வெளியில் பல மணி நேரம் கிடந்த சோற்றையும் ஃப்ரைடு ரைஸையும் சூடு பண்ணிக் காப்பாற்ற முடியாது என்கிறேன். (நம் பழைய சோறு வேறு. வெறும் சோறு, தண்ணீர், ஒரு ராத்திரி. புளிப்பு ஏறுவதால் பல கிருமிகளுக்கு அங்கே இடம் குறையும். கறியும் எண்ணெயும் கலந்த பிரியாணிக்கு அந்தக் கதை பொருந்தாது.)

சரி, நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? புது ஊருக்குப் போனால் நான் முதலில் சாப்பிடுகிறவர்களைத்தான் பார்ப்பேன். பக்கத்துக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தால் உள்ளே போவேன். அவர்கள் நாளைக்கும் வர வேண்டியவர்கள். ஒரு நாள் வயிறு கெட்டால் மறுநாள் கடை மாற்றிவிடுவார்கள். செல்போனில் தெரியும் நட்சத்திரங்களை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் அவை பெரும்பாலும் சாதாரண நாளின் ருசியைச் சொல்பவை. பண்டிகைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதே கடைக்குப் போன தீபாவளி, போன ரம்ஜான், போன பொங்கல் வாரத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேதி பார்த்துப் படியுங்கள். "லேட்டாக வந்தது", "ஆறிப் போய் இருந்தது" என்று நாலைந்து பேர் எழுதியிருந்தால் எனக்கு அது போதும்.

சிற்றுண்டிக் கடை என்றால் தேங்காய்ச் சட்னி சொல்லிவிடும். காலை ஆறு மணிக்கு அரைத்த ஒரே வாளிச் சட்னியைப் பதினொரு மணி வரை ஓட்டுகிறார்களா, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொண்டே இருக்கிறார்களா? பழைய வாளியில் மிச்சம் இருக்கும்போதே புதுச் சட்னியை அதன் மேல் ஊற்றினால் நான் பொடி கேட்டு வாங்கிக்கொள்வேன். எண்ணெயையும் கண்ணால் பார்க்கலாம். வடைச் சட்டியில் நுரை பொங்கி, நிறம் காபி போல ஆகி, அடுப்பைக் குறைத்தும் புகைகிறது என்றால் அது ஓய வேண்டிய எண்ணெய். பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற விதி. பில்லில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரியில் வந்தது. அதையும் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஆனால் அந்த எண் கடைக்குக் கொடுத்தது. இன்றைய குழம்புக்கு அது பொறுப்பு ஏற்காது.

வடக்கு வெளி வீதிப் பக்கம் ஓர் அம்மா மெஸ் நடத்துகிறார். மதியம் இரண்டேகாலுக்கு மேல் போனால், "முடிஞ்சிருச்சு தம்பி, நாளைக்கு வாங்க" என்று பெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொல்வார். ஒரே நேரத்தில் பெரிய அண்டாவில் ஆக்குவதில்லை. பத்து படி சோற்றை மூன்று தவணையாக வடிக்கிறார். சுக்காவும் ஈரலும் தோசைக்கல்லில் அப்போதுக்கு அப்போது. தீர்ந்துபோகிற கடையை நான் அதிகம் நம்புவேன். எந்நேரம் போனாலும் முப்பது ஐட்டமும் இருக்கிறது என்றால், அத்தனையும் எங்கே, எவ்வளவு நேரமாக இருந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பண்டிகை ஆர்டருக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். போனில் பேசினால் கல்லாவில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் சார்" என்பார். மாஸ்டரையே பார்த்துக் கேளுங்கள். தீபாவளி அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இருப்பீர்கள்? கடைசி அண்டா எத்தனை மணிக்கு இறங்கும்? எனக்குப் பன்னிரண்டரைக்கு வேண்டும், முடியுமா? முடியாது என்று சொல்கிற கடைக்காரரிடம் நான் கோபப்பட மாட்டேன். அவர் உண்மையைச் சொல்கிறார். அப்போது திட்டத்தை மாற்றலாம்: பிரியாணியை விட்டுவிட்டுக் குழம்பு, சுக்கா மட்டும் வாங்கி, சோறும் இட்லியும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். குழம்பு வாங்கியதும் பெரிய தூக்குச்சட்டியோடு வைக்காமல், அகலமான இரண்டு மூன்று பாத்திரத்தில் பிரித்து ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். வீட்டில் ஆக்க ஆளும் தெம்பும் இருந்தால், ஒரு கிலோ அரிசிப் பிரியாணி எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். மூன்று கிலோ வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோவாக இரண்டு முறை ஆக்குங்கள். இரண்டாவது அண்டா, இரண்டாவது பந்திக்கு.

இலைச் சாப்பாடு வெளியிலிருந்து வாங்குபவர்கள் அவியல், தேங்காய்ப் பச்சடி, பால் பாயசம் மூன்றையும் வீட்டில் செய்யப் பாருங்கள். தேங்காயும் தயிரும் பாலும் சேர்ந்தவைதான் முதலில் கெடும். சாம்பார், வற்றல் குழம்பு, ரசம், பொரியல் கடையில் வாங்கலாம். பாத்திரம் கொண்டுபோங்கள். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதை வாங்காதீர்கள். சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள் உள்ளிட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. கோழிக்கோ கிரில்லுக்கோ மயோனைஸ் கொடுத்தால் எதில் செய்தது என்று கேளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தடை போட்டது. காரணம் சால்மோனெல்லா என்ற கிருமி. அரசாணையில் எந்தத் தேதி இருந்தாலும் என் வீட்டுக் குழந்தைகளுக்குப் பச்சை முட்டை மயோனைஸ் கொடுக்க மாட்டேன். இனிப்பு பற்றி ஒன்றே ஒன்று: தட்டில் அடுக்கி வைத்திருக்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும், 2020 அக்டோபரிலிருந்து. பால்கோவா, பேடா வகைகளைப் பண்டிகைக்கு முந்தைய நாள் வாங்குங்கள். மைசூர்பாகும் அதிரசமும் காத்திருக்கும்.

எவ்வளவு பார்த்தும் வயிறு கெட்டுவிட்டால் முதலில் நீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம். மிச்சம் இருக்கும் உணவைக் கொட்டிவிடாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, பில்லோடு புகார் சொல்லுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322. அன்றைக்குச் சித்தி வீட்டில் மிச்சம் இல்லாததால் அந்தக் கடைக்காரரிடமும் நான் போய்ப் பேச மட்டுமே முடிந்தது. அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பதினான்கு பேருக்கு ஆனது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். நம்பினேன், ஏனென்றால் யாரும் போய்ச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த தீபாவளிக்குச் சித்தி வேறு ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்தார். ஐப்பசி பிறந்ததுமே நேரில் போய், மாஸ்டரிடமே பேசி, பன்னிரண்டு மணிக்கு முன்னால் தர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்று காலை இட்லிக்குக் குழம்பு வீட்டிலேயே கொதித்தது. மாப்பிள்ளை புது வேட்டியோடு வாசலில் சரவெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தபோது சித்தியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மாஸ்டரின் குரல்: "அக்கா, இப்பத்தான் தம் உடைச்சேன். ஆளை அனுப்புங்க." நானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.