பை ஊதா ஆனால் மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, குழாயை

"டாக்டர், அப்பாவோட மூத்திரப் பை ஊதாவா மாறிடுச்சு. யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு அம்மா அழுவுறாங்க." மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த தம்பி செல்போனில் படத்தைக் காட்டினார். இந்த மாதம் நான் பார்க்கும் மூன்றாவது ஊதாப் பை. மூன்று வீட்டிலும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரை உடம்பிலிருந்து அந்தப் பைக்கு இறக்கும் குழாயை (கதீட்டர்) ஒருவரும் மாற்றவில்லை. இவருடைய அப்பாவுக்குக் குழாய் போட்டு நாலரை மாதம்!

செய்வினை எல்லாம் இல்லை. சாப்பாட்டில் உள்ள டிரிப்டோபேன் என்ற புரதக் கூறைக் குடல் பாக்டீரியா இண்டோல் என்ற வேதிப்பொருளாக்குகிறது. கல்லீரல் அதை மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. குழாயில் குடியேறிய கிளெப்சியெல்லா, புரோவிடென்சியா போன்ற கிருமிகள் அதை உடைத்தால் இண்டிகோ நீலமும் இண்டிரூபின் சிவப்பும் வரும்; சேர்ந்தால் ஊதா. அவுரிச் செடியில் எடுக்கிற அதே நீலம்தான். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது அதிகம். அதனால் என் முதல் கேள்வியே "மோஷன் போய் எத்தனை நாளாச்சு?" என்பதுதான்.

கழற்றிய குழாயை நறுக்கி அந்தத் தம்பியிடம் காட்டினேன். உள்ளே படித்துறைப் பாசி மாதிரி வழவழப்பு. நுனியில், போர் தண்ணீர் காய்ச்சும் அண்டாவில் படியுமே, அதே வெள்ளைக் காரை. குடலில் சாதுவாக இருந்த கிருமிதான் இந்த வழவழப்புக்குக் காரணம். ஒட்டப் பிடிமானம் கிடைத்ததும் நீந்துவதை நிறுத்திவிட்டுப் பசையைச் சுரந்து அதற்குள் கூட்டமாகப் பதுங்கிக்கொள்கிறது. இதைத்தான் பயோஃபிலிம் என்கிறோம். புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உள்ளதாக்குவதால் உப்பு படிந்து குழாயே அடைத்துப்போகும்.

என்னை அதிகம் வருத்துவது, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்சர் ரிப்போர்ட். "கிருமி இருக்குன்னு போட்டிருக்கே டாக்டர், ஊசி போடுங்க" என்கிறார்கள். குழாய் போட்டவருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம் என்ற கணக்கில் சிறுநீரில் கிருமி சேரும். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லாருக்கும் இருக்கும். கிருமி இருப்பது வேறு, நோய் வேறு. காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் எதுவும் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டாம். பசைக்குள் இருக்கும் கிருமியை மாத்திரை ஒழிக்காது. பிழைத்தது மருந்துக்குப் பழகிவிடும். பிறகு உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது கொடுக்க எங்கள் கையில் மருந்து இருக்காது. பெரியவர்களை அப்படி இழந்திருக்கிறோம்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பையைக் கட்டில் கம்பியில் மேலே மாட்டாதீர்கள். இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. குழாயையும் பையையும் அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டால் ஊற்றி உள்ளே கழுவுவதை அடியோடு விடுங்கள். சாதாரண ரப்பர் குழாய் நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம், சிலிக்கான் என்றால் அதிகபட்சம் பன்னிரண்டு வாரம். சிறுநீர் அடைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வாருங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் "இன்னும் குழாய் வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்காததாலேயே பலருக்குத் தேவையில்லாமல் கிடக்கிறது.

அந்த அப்பாவுக்குக் குழாயையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தேன். ஆன்டிபயாடிக்கை நிறுத்தினேன். இரண்டாம் நாள் பையில் மஞ்சள் நிறம் திரும்பியிருந்தது. அடுத்து மாற்ற வேண்டிய தேதியைத் தினசரி காலண்டரில் அம்மா கையாலேயே குறித்துவைக்கச் சொல்லி அனுப்பினேன்.