மசால் வடை மேல தப்பு இல்லீங்க, ஓட்டை மேல தான் தப்பு

போன மாசம் சரவணம்பட்டி பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருந்து போன். "தம்பி, நாங்க மூணாவது மாடிங்க, இங்க எப்படிங்க எலி வரும்?"னு எடுத்த எடுப்புலயே கேட்டாங்க அந்த அக்கா. நான் கோயம்புத்தூர்ல 16 வருஷமா பெஸ்ட் கன்ட்ரோல் வேலை பாக்கறேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருதடவையாச்சும் வந்துரும். எலிக்கு மூணாவது மாடியும் ஒண்ணுதான் தரையும் ஒண்ணுதான், சொரசொரப்பான சுவரு இருந்தா போதும், பைப்பு, கேபிள் வயரு, ஜன்னலை ஒட்டி இருக்கற முருங்கைக் கிளை, எதப் புடிச்சாச்சும் ஏறிரும்.

நேர்ல போனேன். அதுக்குள்ள அவங்களே ஒரு யுத்தம் நடத்தி முடிச்சிருந்தாங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கேக் மருந்து, சிங்க்குக்கு அடியில பசை அட்டை, அதுல ஒரு பல்லி ஒட்டிக்கிட்டு பாவம் செத்துப் போயிருக்கு, ஹால்ல பிளக்ல சொருகி நீல லைட் எரியற மாதிரி ஒரு மெஷின், அது சத்தம் போட்டு எலியை விரட்டுமாம், நம்ம காதுக்குக் கேக்காதாம். அந்த மெஷினுக்கு நேர் கீழ எலிப் புழுக்கை கிடந்துச்சு. முதல் ஒண்ணு ரெண்டு நாள் புது சத்தம்னு கொஞ்சம் ஒதுங்கும், அப்புறம் பழகிரும், அவ்ளோதாங்க அந்த மெஷினு.

"என்ன தம்பி, மருந்து எதுவும் எடுத்துட்டு வரலையா?"ன்னாங்க. வண்டியில இருக்குதுங்க்கா, முதல்ல பாத்துட்றேன்னு சொல்லிட்டு டார்ச்சை வாங்கி சமையல்கட்டுல தரையோட தரையா படுத்தேன். என் வேலையில முக்கால்வாசி இதுதான், படுத்துப் பாக்கறது. நின்னுட்டுப் பாத்தா எலி வர்ற வழி தெரியாது, எலி உயரத்துல இருந்து பாக்கணும்.

முதல்ல புழுக்கை. சீரகம் சைஸ்ல ரெண்டு முனையும் கூரா இருந்தா அது சுண்டெலி. அதவிட ரெண்டு பங்கு நீளமா இருந்தா வீட்டு எலி, அதாவது ஓட்டு வீட்டுல விட்டத்து மேல ஓடுமே அது. அதவிடப் பெருசா, தடிமனா கிடந்தா பெருச்சாளி, ஆனா அது பெரும்பாலும் வெளிய வளை தோண்டிட்டு சாக்கடைப் பக்கமா இருக்கும், வீட்டுக்குள்ள குடித்தனம் பண்றது கம்மி. எந்த எலின்னு தெரியாம மருந்து வாங்கறது என்ன காய்ச்சல்னு தெரியாம மாத்திரை வாங்கற மாதிரிதான். இங்க கிடந்தது சீரகம் சைஸு. ஒரு சுண்டெலி ஒரு நாளைக்கு 50க்கு மேல புழுக்கை போடும், அதனால நிறையா கிடக்குதேன்னு பத்து எலி இருக்குதுன்னு பயந்துக்க வேண்டாம், ஒண்ணே கூட இருக்கலாம். அதே சமயம் ஒண்ணு தானேன்னு விட்டுடவும் கூடாது, சினையா இருந்தா 3 வாரத்துக்குள்ள குட்டி போட்டுரும், ஒரு ஈத்துக்கு அஞ்சாறு குட்டி, அந்தக் குட்டியே 6 வாரத்துல அடுத்த ஈத்துக்குத் தயாராயிரும்.

இன்னொரு விஷயம் இதுல சொல்லியே ஆகணும், மூஞ்சூறு. மூக்கு நீளமா, கண்ணு சின்னதா, கீச் கீச்னு கத்திக்கிட்டு சுவத்தோரமா ஓடும், கிட்டப் போனா ஒரு மாதிரி வாடை அடிக்கும். அது எலியே கிடையாதுங்க, எலி சாதியில சேராது, வயரையும் துணியையும் கடிக்காது, அது தேடி வர்றது உங்க வீட்டு கரப்பான்பூச்சியை. பிள்ளையாரு வாகனம்னு கும்பிட்டுட்டு "தம்பி இதையும் மருந்து வெச்சுருங்க"ன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன். அது வந்தா வெளிய விரட்டி விடுங்க, வர்ற வழிய அடைங்க, அவ்ளோதான்.

சரி வழிக்கு வருவோம். அந்த வீட்டுல கேஸ் சிலிண்டர் பால்கனியில இருக்கு, அடுப்பு உள்ள இருக்கு, ட்யூப் வர்றதுக்கு சுவத்துல ஓட்டை போட்டிருக்காங்க. ட்யூபு ஒரு விரல் தடிமன், ஓட்டை மூணு விரல் போகும். வீடு கட்டும்போது ப்ளம்பரு டிரில் போட்டுட்டுப் போயிருப்பாரு, மீதியை யாரும் பூசல. ஓட்டை ஓரத்துல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கறை, அது எலி உடம்பு தேச்சுத் தேச்சு வந்தது. எலிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, மீசையாலயும் உடம்பாலயும் சுவத்தைத் தொட்டுக்கிட்டே தான் ஓடும், ஒரே பாதையிலயே போகும், அதான் அந்தக் கறை.

ட்யூபை வெளிய இழுத்துப் பாத்தப்ப தான் எனக்கே திக்குன்னுச்சு. பழைய ரப்பர் ட்யூபு, மேல ரெண்டு எடத்துல பல்லு பட்டிருக்கு, இன்னும் ஓட்டை விழல. எலியோட முன்பல்லு சாகற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், எதையாச்சும் கடிச்சு தேச்சே ஆகணும், அது வயரா, கேஸ் ட்யூபான்னு எல்லாம் பாக்காது. அக்காகிட்ட சொன்னேன், எலிய நாளைக்குப் பாத்துக்கலாம், இன்னைக்கே கேஸ் ஏஜென்சிக்கு போன் பண்ணி உள்ள கம்பி வலை வெச்ச ஆரஞ்சு ட்யூப் மாத்துங்கன்னு. உங்க வீட்லயும் ஒருதடவை குனிஞ்சு பாத்துருங்க, ட்யூப் மேலயே காலாவதி வருஷம் போட்டிருக்கும். கேஸ் வாடை வந்தா சுவிட்ச் எதையும் தொடாம, ரெகுலேட்டரை மூடிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வெளிய வந்து 1906க்கு கூப்பிடுங்க.

சுண்டெலி நுழையறதுக்கு எவ்ளோ ஓட்டை வேணும் தெரியுமா, 6 மில்லிமீட்டர். ஒரு பென்சில் உள்ள போச்சுன்னா எலிக்குஞ்சும் போகும். தலை நுழைஞ்சா போதும், உடம்பை நெளிச்சு இழுத்துக்கும். அதனால நான் எப்பவும் பாக்கெட்ல ஒரு பென்சில் வெச்சிருப்பேன், வீட்டுக்காரங்க முன்னாடியே கதவுக்கு அடியில சொருகிக் காட்டுவேன், மெயின் கதவு வாசப்படிக்கு மேல ஒரு இஞ்ச் தூக்கிட்டு இருக்கும், அதுல எலி என்ன பூனைக்குட்டியே வரும். அப்புறம் ஏசி பைப் ஓட்டை, சிங்க் வேஸ்ட் பைப் தரைக்குள்ள இறங்கற எடம், பாத்ரூம் எக்ஸாஸ்ட், வாஷிங் மெஷின் அடிப்பக்கம் (நிறைய மாடல்ல அடியில மூடியே இருக்காது, உள்ள போயி வயர கடிச்சு வெச்சிரும், ரிப்பேர் பண்ற தம்பிக்கு நல்ல வருமானம்).

எந்த வழின்னு கண்டுபிடிக்க ஒரு வேலை சொல்றேன், செலவே இல்ல. ராத்திரி படுக்கப் போறப்ப சந்தேகப்படற எடத்துலயெல்லாம் கோலப்பொடியை மெலிசா தூவி விடுங்க, அரிசிமாவு வேண்டாம் அதைத் தின்னுட்டுப் போயிரும், கல்லுப்பொடி. காலைல எழுந்து பாத்தா காலடித் தடம், நடுவுல வாலு இழுத்த கோடு, எல்லாம் அச்சு மாதிரி விழுந்திருக்கும். அந்த அக்கா வீட்டுல மறுநாள் காலைல போட்டோ அனுப்பினாங்க, கேஸ் ட்யூப் ஓட்டைல இருந்து அரிசி டின் வரைக்கும் நேரா ஒரு ரோடே போட்டிருந்துச்சு.

அடைக்கறப்ப எதை வெச்சு அடைக்கறீங்கங்கறது முக்கியம். துணி, பேப்பர், தெர்மாகோல், இதெல்லாம் ஒரு ராத்திரிக்கு மேல தாங்காது. ஸ்ப்ரே ஃபோம் அடிக்கறாங்க, பாக்க நீட்டா இருக்கும், எலிக்கு அது பஞ்சு மெத்தை. பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் நார் இருக்குதுல்ல, அதை நல்லா திணிச்சு மேல சிமெண்ட் பூசணும், கடிச்சா வாயைக் குத்தும். எங்க தாத்தா காலத்துல சிமெண்டுல பாட்டில் கண்ணாடியை நொறுக்கிக் கலந்து பூசுவாங்க, அது இன்னைக்கும் நல்ல வேலைதான். வேஸ்ட் பைப்புக்கு கம்பி வலை, கதவுக்கு அடியில அலுமினிய பட்டை. மொத்தமா எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும், ஆனா ஜனங்களுக்கு மருந்துக்குக் காசு குடுக்க மனசு வரும், சிமெண்டுக்கு வராது. "ஓட்டை அடைக்கவா உங்களைக் கூப்பிட்டோம்?"னு மூஞ்சிக்கு நேரா கேட்டவங்க இருக்காங்க.

உள்ள மாட்டிக்கிட்டதுக்குத் தான் பொறி. மசால் வடை பத்தி எல்லாரும் கேப்பாங்க, வடை நல்ல இரை தான், தப்பே இல்ல, வாசம் வரும். கருவாடு, தேங்காய்ச் சில்லு, கடலை மிட்டாய் கூட நல்லா எடுக்கும், மிட்டாய கம்பியில நூல் போட்டுக் கட்டிருங்க, இல்லாட்டி லேசா உருவிட்டுப் போயிரும். தப்பு எங்கன்னா பொறிய வைக்கற எடத்துல. நடு சமையல்கட்டுல வெப்பாங்க, எலி நடுவுல வராதுன்னு மேலயே சொன்னேன், சுவத்தை ஒட்டி வெக்கணும், அந்தக் கோலப்பொடித் தடத்துக்கு மேலயே வெக்கணும். சுண்டெலிக்கு எதையும் போய் மோந்து பாக்கற புத்தி, அதனால ரெண்டு ராத்திரியில விழலேன்னா எடத்தை மாத்துங்க. பெரிய வீட்டு எலி அப்படியே நேர்மாறு, புதுசா ஒரு பொருளப் பாத்தா நாலு நாளு கிட்டயே வராது, அதுக்குப் பொறியில விசை ஏத்தாம சும்மா இரை மட்டும் வெச்சு பழக்கிட்டு அப்புறம் தான் விசை ஏத்தணும்.

பசை அட்டை வேண்டாங்க. நானும் ஆரம்பத்துல வெச்சிருக்கேன், இப்ப வெக்கறதில்ல. எலி உசுரோட ஒரு நாள் ரெண்டு நாள் கத்திக்கிட்டே கிடக்கும், பயத்துல மூத்திரம் போயிக்கிட்டே இருக்கும், அதப் போயி குழந்தைங்க தொடும். விலங்குகள் நல வாரியமே இதுக்கு எதிரா மாநிலங்களுக்கு எழுதியிருக்குது. அணிலு, குருவி, பூனைக்குட்டி எதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா பிச்சு இழுக்காதீங்க, சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு தேச்சா விட்டுரும்.

இப்ப மருந்து. கேக் மருந்துல இருக்கறது புரோமாடியோலோன், ரத்தம் உறையவிடாம பண்ணும், தின்ன எலி சாக நாலஞ்சு நாளாகும். தின்னுட்டு தண்ணி தேடி வெளிய போயி செத்துரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பொய்யி. எங்க படுத்துக்குதோ அங்க தான் சாகும். என்னோட ரெண்டாவது வருஷத்துல ஒரு வீட்டுல ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல கேக் வெச்சுட்டு வந்துட்டேன், எலி அங்கயே செத்து, ரெண்டு வாரம் அந்த வீட்டுல யாரும் ஹால்ல உக்காந்து சாப்பிட முடியல, கடைசில நானே சீலிங்க கழட்டி எடுத்து, என் காசுல மாட்டியும் குடுத்தேன். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள மருந்துங்கறது எனக்குக் கடைசி கடைசி வழிதான், அதுவும் பூட்டு வெச்ச டப்பாக்குள்ள.

டூத் பேஸ்ட் மாதிரி ட்யூப்ல வந்துட்டு இருந்த மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டை தமிழ்நாடு அரசு நிரந்தரமா தடை பண்ணியாச்சு. ஆனா பழைய ட்யூபு ஏதாச்சும் பரண்ல, அலமாரி மேல கிடக்கலாம், இன்னைக்கே தேடிப் பாத்து அப்புறப்படுத்துங்க. அதுக்கு விஷமுறிவு மருந்து கிடையாது. குழந்தை தெரியாம வாயில வெச்சுட்டா முதல் நாளு ஒண்ணுமே இல்லாத மாதிரி விளையாடிட்டு இருக்கும், ஈரல் ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் கெடும், அதனால "நல்லாத்தானே இருக்கான்"னு வீட்டுலயே வெச்சுக்காதீங்க. எந்த எலி மருந்தா இருந்தாலும் சரி, வாந்தி எடுக்க வெக்கறேன்னு உப்புத்தண்ணி குடுக்காம, மருந்து அட்டையக் கையில எடுத்துக்கிட்டு 108ல ஏறிருங்க. கேக் மருந்துக்கு வைட்டமின் கே குடுத்துக் காப்பாத்தலாம், ஆனா என்ன மருந்துன்னு டாக்டருக்குத் தெரியணும்ல.

எங்க தொழில்காரங்களைப் பத்தியும் சொல்லிட்றேன். 2024 நவம்பர்ல சென்னை பக்கம் குன்றத்தூர்ல பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்க வீட்டுக்குள்ள எலி மருந்து வெச்சுட்டுப் போக, அன்னைக்கு ராத்திரி ஏசி போட்டுத் தூங்கின குடும்பத்துல ரெண்டு குழந்தைங்க இறந்து போச்சு. அந்த நியூஸ் பாத்த அன்னைக்கு நான் வேலைக்கே போகல. குடோன்ல தானிய மூட்டைக்குப் போடற புகை மாத்திரை இருக்கு, ஈரம் பட்டா விஷ வாயு வரும், அது மனுசங்க குடியிருக்கற வீட்டுக்குள்ள வரவே கூடாத சாமான். யாராச்சும் வந்து மருந்து வெச்சா பேரு என்ன, லைசென்ஸ் இருக்கா, எந்த ரூம்ல வெக்கறீங்க, அந்த ரூம்ல படுக்கலாமான்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை, பதில் சொல்ல முடியாதவன் வேலை செய்யவும் தகுதி இல்லாதவன்.

எலி போனதுக்கப்புறம் புழுக்கையைக் காஞ்ச வெளக்குமாத்துல கூட்டாதீங்க, தூசி மூக்குல ஏறும். கையுறை போட்டு, ப்ளீச்சிங் கரைச்ச தண்ணியைத் தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டுத் துடைங்க. எலி மூத்திரத்துல இருந்து தான் எலிக்காய்ச்சல் வருது, கையில கால்ல இருக்கற சின்ன வெட்டு வழியாவே உள்ள போயிரும், மழைக்காலத்துல தேங்கின தண்ணியில நடந்தாலும் வரும். காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு செவந்து போறதுன்னு இருந்தா டாக்டர்கிட்ட "வீட்ல எலி இருந்துச்சு"ன்னு நீங்களா எடுத்துச் சொல்லுங்க, அவரா கேப்பாருன்னு இருக்காதீங்க.

அந்த சரவணம்பட்டி வீட்டுல ஓட்டைய அடைச்ச ராத்திரியே ஒண்ணு, மறுநாள் ஒண்ணு, ரெண்டு சுண்டெலி பொறியில விழுந்துச்சு. அதோட சரி, கோலப்பொடி ஒரு வாரம் கலையாம இருந்துச்சுன்னு அக்கா போட்டோ அனுப்பினாங்க. பத்து நாள் கழிச்சு அதே அபார்ட்மெண்ட்ல இருந்து வேற நம்பர்ல போன், பக்கத்து வீட்டு அம்மா. "ஏங்கண்ணு, அவங்க வீட்டுல என்னமோ பண்ணுனியாமா, இப்ப எங்க வீட்டுக்கு வருதுடா சாமி." ரெண்டு வீட்டுக்கும் பைப் போற டக்ட் ஒண்ணுதான். பென்சில எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன்.