நல்கை: 'கிராண்ட்' என்பதற்கு உரிய தமிழ்ச் சொல்

ஆய்வுலகில் 'கிராண்ட்' எனப்படுவதைத் தமிழில் மானியம், நிதியுதவி, உதவித்தொகை, நன்கொடை என்று பலவாறாக எழுதுகிறோம். குறிப்பிட்ட ஓர் ஆய்வுக்காக, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படுவதும், திருப்பிச் செலுத்த வேண்டாததும், ஆனால் கணக்குக் காட்டியே ஆக வேண்டியதுமான பணத்தைக் குறிக்க இவை எவற்றையும்விட 'நல்கை' என்னும் சொல்லே பொருத்தமானது.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் 'கிரெதெரே' என்ற லத்தீன் வினை. கடன் வழங்கலைச் சுட்டும் 'கிரெடிட்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். உறுதியளித்தல், இசைவு தருதல் என்று நகர்ந்து, பின்னர் உரிமையோ நிலமோ பணமோ வழங்குதல் என்ற பொருளில் அச்சொல் நிலைபெற்றது.

'மானியம்' மதிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. கோயில் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் விடப்பட்ட வரியில்லா நிலத்துக்கு அது பெயராக இருந்தது. இன்றோ உரத்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அரசு ஏற்கும் விலைக்குறைப்பையே அச்சொல் முதலில் நினைவூட்டுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு என்ற பெயரில் அது ஊன்றிவிட்டாலும், அதே அமைப்பை நல்கைக் குழு என்று எழுதுவோரும் உள்ளனர். என் கருத்தில் அவர்கள் செய்வதே சரி. உதவித்தொகை மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு உரியது. நன்கொடை, கொடுத்தவரின் விருப்பத்தோடு முடிந்துவிடுவது.

'நல்கு' என்னும் வினைக்கு அருளுதல், அன்பு செய்தல், கொடுத்தல் ஆகிய பொருள்கள் உண்டு. 'நசை பெரிது உடையர் நல்கலும் நல்குவர்' என்ற குறுந்தொகை அடியில் அது தலைவன் காட்டும் அன்பு. மேகம் 'தான்நல்கா தாகி விடின்' நெடுங்கடலும் தன் இயல்பில் குன்றும் என்ற குறளில் அது மழையின் கொடை.

நல்கையை நிருவகிப்பது எத்தகைய வேலை என்பதை, உடல்நலத்தைக் கலை, மானுடப் புலங்களின் வழியே ஆராயும் துறையில் தெளிவாகக் காணலாம். ஹென்றி வெல்கம் 1936இல் மறைந்தபோது அவருடைய உயிலின்படி உருவான வெல்கம் அறக்கட்டளை, பிரிட்டனில் இத்துறைக்கு நெடுங்காலமாக நல்கை வழங்கிவருகிறது. பேசுபவர் எவரும் இல்லாமலே குரல் கேட்கும் அனுபவத்தை ஆராய, அதன் நல்கையுடன் 2012இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. உளவியல், மெய்யியல், இலக்கியம், இறையியல் அறிஞர்களோடு, குரல் கேட்பவர்களும் அதில் பங்கேற்றனர். தம் கதைமாந்தரின் குரல் காதில் விழுவதுண்டா என்று 2014 எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த எழுத்தாளர்களிடம் அக்குழு கேட்டறிந்தது.

இத்தகைய ஆய்வில் விலையுயர்ந்த கருவிகள் குறைவு. பணத்தின் பெரும்பகுதி மனிதரின் நேரத்துக்கே செல்கிறது. ஆய்வாளரின் ஊதியத்தைக் கணக்கிடுவது எளிது. நோயின் அனுபவத்தைப் பகிர வருபவர்களுக்கு மதிப்பூதியம் கொடுப்பதில்தான் சிக்கல்: அவர்களுள் சிலர் அரசின் நலத்தொகையில் வாழ்பவர்களாக இருக்கலாம், ஆய்வுக்குழு தரும் சிறு தொகைகூட அந்த நலத்தொகையைப் பாதிக்கலாம். யாருக்கு, எந்தச் செலவுத் தலைப்பில், எந்த முறையில் பணம் தருவது என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே தீர்த்துவைப்பது நல்கை மேலாளரின் கடமை. பிரிட்டிஷ் அரசின் கலை, மானுடப் புல ஆய்வு மன்றம் பொதுவாக ஆய்வின் முழுச் செலவில் 80 சதவீதத்தையே ஏற்பதால், எஞ்சியதைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்பதையும் அவரே விண்ணப்பக் கட்டத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

'நல்கை' என்று வைத்துக்கொண்டால் இந்த வேலைகளுக்கெல்லாம் பெயர்கள் இயல்பாக அமைகின்றன. தருவது நல்கை அமைப்பு. பெறுவது நல்கை பெறும் நிறுவனம். தொகையை உறுதிசெய்யும் கடிதத்துக்குத் தமிழக அரசு அலுவலகங்களில் வழங்கும் 'ஒப்பளிப்பு ஆணை' பொருந்தும். ஒரு செலவுத் தலைப்பில் மிஞ்சியதை வேறொன்றுக்கு மாற்றுவது மறு ஒதுக்கீடு; கூடுதல் பணமின்றிக் காலத்தை மட்டும் நீட்டுவது செலவில்லாக் கால நீட்டிப்பு. 'மானிய மேலாண்மை' என்று எழுதினால் வேளாண் துறைச் செய்தி என்றே பலர் எடுத்துக்கொள்வர். 'நல்கை மேலாண்மை' என்பதில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.