கேனிங் ஆற்றங்கரையை அளந்த முக்கோணங்கள்

அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரில் பிறந்து பியூஃபோர்ட் கடலில் கலக்கிறது கேனிங் ஆறு. முகத்துவாரத்துக்கு எதிரே இருக்கும் ஃபிளாக்ஸ்மன் தீவில் தங்கி, நிலவியலாளர் எர்னஸ்ட் லெஃபிங்வெல் 1906 முதல் 1914 வரை அந்தப் பகுதியை அளந்தார். பெரும்பாலும் சொந்தப் பணம்தான். போக்குவரத்துக்கு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியும் சிறு படகும்.

விமானமே பறக்காத ஊரில் வரைபடம் எப்படிப் போடுவது? தரையில் ஒரே ஒரு கோட்டை மிகத் துல்லியமாக அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை நிறுத்தி, தொலைவில் தெரியும் மூன்றாவது புள்ளிக்குக் கோணம் எடுத்தால், மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அவற்றில் ஒரு பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. ஆற்றில் இறங்காமலேயே அக்கரை எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிது. ஆனால் அந்தக் கடலோரச் சமவெளியில் குறிபார்க்க ஒரு மரம்கூடக் கிடையாது. கம்பத்தை நாமே நட வேண்டும். குளிர்ந்த தரையை ஒட்டிய காற்று ஒளியை வளைப்பதால், தொலைவில் உள்ள குறி இருக்கும் உயரத்தைவிட மேலே தெரியும்.

சரி, இந்த முக்கோண வலை பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது? அதை வானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அட்சரேகையைத் துருவ நட்சத்திரத்தின் உயரமே ஏறக்குறையக் காட்டிவிடும். தீர்க்கரேகைதான் பெரும்பாடு. அதற்குக் கிரீன்விச் நேரம் தெரிய வேண்டும். 70 பாகை வடக்கில் கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால், நாம் குறிக்கும் இடம் சுமார் 9.5 கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

மலைகளை அளந்ததோடு காலடி மண்ணையும் அவர் கவனித்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடுங்குளிரில் உறைந்த நிலம் சுருங்கி, சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆழமாக வெடிக்கும். வசந்தத்தில் உருகிய நீர் வெடிப்புக்குள் இறங்கி உறையும். கீழே நிலம் கோடையிலும் உறைந்தே கிடப்பதால் அந்தப் பனிக்கட்டி உருகாது. பின்வரும் குளிர்காலங்களில் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். நூற்றாண்டுகள் போகப்போக அந்தப் பனிக்கட்டி ஒரு மீட்டருக்கும் மேல் பருத்த ஆப்பாகிவிடும். மேலே நிலம் பலகோணக் கட்டங்களாகப் பிரிந்து நிற்கும். இந்த விளக்கத்தை அவர் 1915-இல் வெளியிட்டார். வரைபடங்களோடு கூடிய முழு அறிக்கை 1919-இல் வந்தது. அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் வழங்கிய சாட்லெரோசிட் என்ற பெயரை அங்குள்ள ஒரு பாறை அடுக்குக்கு வைத்தவரும் அவரே. 1968-இல் ப்ரூடோ விரிகுடாவில் கண்டுபிடிக்கப்பட்ட எண்ணெயில் பெரும்பகுதி அந்த அடுக்கில்தான் இருந்தது.

இன்று பழைய வரைபடத்தின் நிலைப்புள்ளிகளைப் புதிய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, கரை எவ்வளவு பின்வாங்கியது என்று பார்க்க முடிகிறது. அலாஸ்காவின் வடகரை சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் அரிக்கப்படுகிறது. அலை கரைமேட்டின் அடியைக் குடைந்ததும் மேலே உள்ள மண் பாளம் பாளமாகச் சரிகிறது. பாளம் பெரும்பாலும் பிளப்பது, லெஃபிங்வெல் விளக்கிய அந்தப் பனி ஆப்புகள் ஓடும் கோட்டிலேயேதான்.