"அதெல்லாம் இருக்குதுங்க" என்கிற டப்பாவை ஒரு தடவை திறந்து பாருங்கள்

பவானியில் மருந்துக்கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ரெண்டு நாள் கரண்டும் இல்லாமல், வெளியிலும் வர முடியாமல் போனால் வீட்டில் மருந்து இருக்குதுங்களா? முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் சொல்வது: "அதெல்லாம் இருக்குதுங்க."

போன வருஷம் அப்படிச் சொன்ன ஒரு ஆத்தாவிடம், சும்மா பார்க்கலாம், டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க என்றேன். மறுநாள் பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்து மேஜை மேல் கவிழ்த்தார். வெட்டின மாத்திரை அட்டைகள்தான் பதினாலோ பதினைந்தோ. ஒன்றில் 'மெட்' என்ற எழுத்து மட்டும் மிச்சம். அது சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினா, பிரஷருக்குப் போடும் மெட்டோப்ரோலாலா என்று எனக்கே தெரியவில்லை. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கிற ஓ.ஆர்.எஸ் பாக்கெட் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கூடவே ஒரு டார்ச். மூடியைத் திருகினால் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்துப்போய், ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏங் கண்ணு, அத்தனையும் குப்பைக்குத்தானா?" என்றார். ஏறக்குறைய அத்தனையும்தான்.

இதில் எங்கள் தப்பும் உண்டு. நாலு மாத்திரை கேட்டால் நாலை வெட்டிக் கொடுக்கிறோம், பேரும் எக்ஸ்பயரி தேதியும் இருக்கிற பக்கம் யாரிடமாவது போய்விடுகிறது. அதனால் வீட்டில் எடுத்து வைப்பதை முழு அட்டையாக வாங்குங்கள், பிரிக்கும்போதும் தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிரியுங்கள்.

கடல் எங்கே, நாம் எங்கே, புயலுக்கு நாம் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதை விடுங்கள், சித்திரையில் அடிக்கிற சூறைக்காற்றுக்கு கோபி, அந்தியூர் பக்கம் வாழையோடு சேர்ந்து மின்கம்பமும் சாய்வது நமக்குப் புதுசா? மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் எங்கள் ஊர் ஆற்றோரத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் போய்த் தங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மருந்து ஒரே பையில் இல்லாவிட்டால், பாதி அலமாரியிலும் பாதி சாமி மாடத்திலும் நின்றுவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். திறக்காத பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜின் 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி கட்டாயம். போட ஆரம்பித்த பாட்டிலோ இன்சுலின் பேனா ஊசியோ 30 டிகிரிக்குள் வெளியிலேயே பெரும்பாலும் 4 வாரம் தாங்கும், சிலது கூடக்குறைய இருக்கும், உள்ளே மடித்து வைத்திருக்கிற தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனாலும் கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் ஒரு 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், கரண்ட் போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் குளிர்ச்சி கூட நேரம் நிற்கட்டும் என்று பாட்டிலைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டார். அது உறைந்து, இளகி, அதையே அவர் போட்டுக்கொண்டும் இருந்து, நாலாம் நாள் சர்க்கரை 400-ஐத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாகவே இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். ஐஸ்கட்டி மேல் நேராக வைப்பதும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் ஓடாதபோது இன்சுலினை மண்பானையில் வைக்கலாமே என்பார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் அதற்கும் காலம் இருக்கிறது. சித்திரை வெயிலில் கரண்ட் போனால், ஈர மணலில் சின்னப் பானையை வைத்து, அதற்குள் பாட்டிலை நனையாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ஈரம் ஆவியாகி ஆவியாகிக் குளிரும். கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வீட்டுக்குள் 30 டிகிரி வருவதே அபூர்வம் என்பதால், அடுப்படியை விட்டு விலக்கி வைத்தாலே போதும்.

ஓ.ஆர்.எஸ்ஸில் ரெண்டு அளவு விற்கிறது, பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் ஊற்றிவிட வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து, உப்பு ஏறிவிடும்.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற வீட்டில் கடைசி அட்டை வரை காத்திருக்காதீர்கள், எப்போதும் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கட்டும். ரெண்டு வேளை விட்டுப்போனாலே சிலருக்கு வந்துவிடும். மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்து, தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்தெல்லாம் உள்ளே மருந்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குச் சொல்ல முடியாது. இன்னும் எத்தனை தடவைக்கு வரும் என்று எண் காட்டுகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த எமர்ஜென்சி லைட். வருஷம் முழுக்கச் சார்ஜிலேயே தொங்கும், கரண்ட் போனால் பத்து நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும். இன்று ராத்திரியே பிளக்கைப் பிடுங்கி எரியவிட்டு மணி பாருங்கள்.

டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்பார்கள். சரி, போன் அணைந்துவிட்டால்? ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் பின்னாலேயே 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, பக்கத்து வீட்டு நம்பர் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுங்கள். பையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். அந்த ஆத்தா வீட்டு டப்பா அப்படித்தான் இருந்ததாம், சாவி மகளோடு திருப்பூர் போயிருந்ததாம்.