பச்சைக் கட்டத்தை நம்பி லித்தியத்தை நிறுத்தாதீர்கள்

மரபணுச் சோதனை அறிக்கை ஒன்றை நம்பி மருந்தை நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரான என்னிடம் வந்த குடும்பங்களில் இந்த வருஷத்தில் இது நான்காவது. இனியும் பேசாமல் இருந்தால் தப்பு என்று தோன்றியதால் எழுதுகிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

வழவழப்பான தாளில், சுருள் கம்பி போட்ட 32 பக்க அறிக்கை அது. மடங்கிவிடக் கூடாதே என்று அண்ணாச்சி அதை ஜவுளிக்கடைப் பைக்குள் அட்டை வைத்துக் கொண்டுவந்திருந்தார். மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். எஸ்சிட்டலோபிராம் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை. அதைச் சுற்றிப் பேனாவால் இரண்டு முறை வட்டம் போட்டிருந்தது. லித்தியம் எங்கே என்று தேடினேன். அந்தப் பட்டியலிலேயே இல்லை.

“பேரே வரலியே மேடம். அப்போ அது இவன் உடம்புக்கு ஒத்துக்காதுன்னுதானே அர்த்தம்?”

அவர் மகனுக்கு 26 வயது. இருதுருவ மனநோய், அதாவது பைபோலார். லித்தியம் ஆரம்பித்து ஐந்து வருஷமாக நல்ல தூக்கம், நல்ல வேலை. பெங்களூரில் இருக்கும் மச்சான் நல்லெண்ணத்தில் 18,000 ரூபாய் கட்டி, எச்சில் மாதிரி அனுப்பி, இந்தச் சோதனையை எடுக்கவைத்திருக்கிறார். அறிக்கை வந்த வாரமே லித்தியத்தை நிறுத்திவிட்டார்கள். தெரிந்த மருந்துக்கடையில் பச்சைக் கட்டத்து மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது வாரம் பையன் தூங்கவில்லை. எட்டாவது வாரம் அம்மாவின் வளையலை அடகு வைத்து இரண்டு பைக்குகளுக்கு முன்பணம் கட்டிவிட்டார். நான் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் காவலாளியைப் பிடித்து நிறுத்தி, தான் தொடங்கப்போகும் ஏழு ஹோட்டல்களில் அவருக்கு மேனேஜர் வேலை தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வண்ணக் கட்டங்களை அப்படி அச்சடித்துக் கையில் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

பச்சை என்றால் என்ன? அந்த மாத்திரையை உங்கள் கல்லீரல் வழக்கமான வேகத்தில் உடைத்து வெளியேற்றும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 என்று சில கல்லீரல் நொதிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணு சிலருக்கு மந்தமாகவும் சிலருக்கு வேகமாகவும் வேலை செய்யும். சோதனை அதைத்தான் பார்க்கிறது. அந்த மாத்திரை உங்கள் நோய்க்கு ஏற்றதா, உங்களுக்குப் பலன் தருமா என்பதை அது பார்க்கவே இல்லை. வீட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று கணக்கெடுத்துவிட்டு, அந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று சான்றிதழ் கொடுக்க முடியுமா? வடிகிற வேகம் வேறு, தண்ணீரின் குணம் வேறு. எஸ்சிட்டலோபிராம் மனச்சோர்வுக்கான மருந்து. பைபோலார் உள்ளவருக்கு, பக்கத்தில் லித்தியம் போன்ற காவல் இல்லாமல் அதைத் தனியாகக் கொடுத்தால் மேனியாவை, அதாவது தூக்கமே இல்லாத அளவுமீறிய உற்சாகத்தை, கிளப்பிவிடக்கூடும். கட்டம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி. சோதனைக்கு எச்சில் போனதே தவிர, நோயின் பெயர் போகவில்லை.

அடுத்து லித்தியம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தயவுசெய்து மனதில் வையுங்கள். லித்தியம் ஓர் உப்பு. கல்லீரல் அதைத் தொடுவதே இல்லை. உள்ளே போன லித்தியம் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. அதனால் கல்லீரல் நொதிகளைப் பார்க்கும் அறிக்கைக்கு லித்தியத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான். “ஒத்துக்காது” என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. “எங்கள் சோதனை இந்த மருந்தைப் பார்ப்பதில்லை, இதை வைத்து நிறுத்தாதீர்கள்” என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் அந்த வளையல் அடகுக்குப் போயிருக்காது.

லித்தியத்துக்கு யார் உடம்பு இணங்கும் என்று மரபணுவை வைத்துச் சொல்ல முடியாதா? முடிந்தால் முதலில் மகிழ்பவள் நான்தான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியாவுக்கு லித்தியம் கேட்கிறது என்று எழுதினார். அன்றிலிருந்து எங்களை உறுத்தும் கேள்வி இது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் வந்த சுவடே தெரியாத அளவுக்கு வேலை செய்கிறது. சிலருக்குப் பாதிப் பலன். சிலருக்குக் கேட்பதே இல்லை. யாருக்கு எது என்பது கொடுத்துப் பார்த்து, மாதக்கணக்கில் காத்திருந்துதான் தெரிகிறது. அந்தக் காத்திருப்பு குடும்பத்தை எவ்வளவு வாட்டும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

2014-ல் தைவானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஜிஏடிஎல்1 என்ற மரபணுவைப் பார்த்தால் லித்தியம் கேட்குமா கேட்காதா என்று கிட்டத்தட்டப் பிரித்தே சொல்லிவிடலாம் என்றது. நானும் ஆசையோடு படித்தேன். மற்ற நாட்டு நோயாளிகளிடம் தேடியபோது அது நிற்கவில்லை. 2016-ல் கான்லிஜென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2,563 பேரின் மரபணுக்களை அலசி, 21-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டியது. நல்ல, நேர்மையான வேலை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய செய்தி. என் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மருந்து எழுத அது போதாது. அந்த 2,563 பேரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவ நிறுவனத்தில் நம் நாட்டுக் குடும்பங்களை வைத்து இத்தகைய ஆராய்ச்சி நடக்கிறது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. அது முடியும் முன்பே வண்ணம் பூசி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் 2018-லேயே இத்தகைய சோதனைகளைப் பற்றி எச்சரித்தது: பலவற்றின் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை, அவற்றை நம்பி யாரும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம் என்று.

நொதிச் சோதனையே வீண் என்று சொல்லவில்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மனநோய் மருந்துகள் சின்ன அளவிலேயே ஒருவரை முடக்கிப்போட்டால், சிஒய்பி2டி6 விவரம் அளவைக் குறைக்க எனக்கு உதவும். கையில் இருந்தால் கொண்டுவாருங்கள், படிக்கிறேன்.

காசு செலவழித்துப் பார்க்க வேண்டிய மரபணுச் சோதனை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதை ஒரு குடும்பம்கூட என்னிடம் கேட்டதில்லை. கார்பமஸெபின் என்ற மாத்திரை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள், மேனியாவுக்கும் கொடுப்போம். எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கொடிய ஒவ்வாமை வரும் ஆபத்து மிக அதிகம். தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்துவிடும். 2004-ல் தைவானில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் அந்த வகை இருந்தது. 2007-லிருந்து அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டிலேயே, ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் சோதித்துவிட்டுத் தரச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் 2013 முதல் அதுவே வழக்கமான மருத்துவ நடைமுறை. நம்மவர்களில் இந்த வகை சீனர்களைவிடக் குறைவு. குறைவுதானே தவிர, இல்லாமல் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் வேறெங்கோ கார்பமஸெபின் ஆரம்பித்திருந்த ஒரு பெண்ணை என்னிடம் அழைத்துவந்தார்கள். பதினைந்தாவது நாள் வாயில் புண். சூடு என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காய்ச்சல், கண் இரண்டும் சிவப்பு. அதற்குச் சொட்டு மருந்து. இடையில் அந்த மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்திருக்கிறார்கள், சொன்னபடி கேட்கிற நல்ல குடும்பம். என்னிடம் வந்தபோது உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நாடித்துடிப்பு பார்க்க மணிக்கட்டைத் தொட்டேன், தோல் வழுக்கியது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். கண்ணீர் சுரப்பு மட்டும் போனது போனதுதான். இன்றைக்கும் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்.

அதனால் கார்பமஸெபின், அதே இனத்தைச் சேர்ந்த ஆக்ஸ்கார்பஸெபின் இரண்டில் எதைப் புதிதாக எழுதிக்கொடுத்தாலும், “எச்எல்ஏ சோதனை பார்க்கணுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சோதனையில் அந்த வகை இல்லை என்று வந்தாலும் முதல் மூன்று மாதம் கவனம் வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் தடிப்பு என்று எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே வந்துவிடுங்கள். வருஷக்கணக்கில் இந்த மருந்தைச் சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆபத்துக் காலத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

மேனியாவுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் சாப்பிடும் பெண்கள் கல்யாணம், குழந்தை என்ற பேச்சு எழும் முன்பே வந்து பாருங்கள். கருவிலிருக்கும் குழந்தையை அது பாதிக்கும். அதற்கு எந்த மரபணு அறிக்கையும் தேவையில்லை.

லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு 18,000 ரூபாய் சோதனை வேண்டாம். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு இந்த மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள் போதும். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போகாதீர்கள், அந்த எண்ணை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது. லித்தியம் அளவு 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலும் போதும். இடுப்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், லித்தியம் அளவு ஏறிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தாலும் ஏறும். யாரோ சொன்னார்கள் என்று உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் ஏறும். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் காத்திருக்காமல் போன் செய்யுங்கள். கை நடுங்கி நடை தள்ளாடினால் நேரே ஆஸ்பத்திரி. டாக்டரைக் கேட்காமல் லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நோய் திரும்புவதோடு, தற்கொலை எண்ணமும் திரும்பி வரலாம். குறைக்க வேண்டுமென்றால் சேர்ந்து, மெதுவாகக் குறைப்போம்.

அன்றைக்கு அண்ணாச்சியிடம் ஒரு கேள்வியை மறுபடியும் கேட்டேன். ஐந்து வருஷத்தில் நான்கு முறை கேட்டு, நான்கு முறையும் “எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்ல மேடம்” என்று பதில் வந்த கேள்வி. லித்தியம் ஒருவருக்கு நன்றாகக் கேட்டிருந்தால், அதே நோயுள்ள அவர் ரத்த உறவுக்கும் கேட்கும் வாய்ப்பு அதிகம். பல வருஷ ஆய்வுகளில் நின்ற விஷயம் இது. அதனால்தான் விடாமல் கேட்கிறேன். நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்றும் தெரியும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும், சொன்னால் வெளியே போய்விடும் என்ற பயம். நீங்கள் சொல்வது என் அறையைத் தாண்டாது.

அண்ணாச்சி வெகுநேரம் அந்த ஜவுளிக்கடைப் பையையே மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எங்க அக்கா ஒரு மாத்திரை சாப்பிடுறா. இருபது வருஷமா. தூக்கத்துக்குன்னு நெனச்சிட்டிருந்தோம்.”

அடுத்த முறை அவருடைய சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். மடிப்புகளில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டிய அரசு ஆஸ்பத்திரி சீட்டு. அதில் லித்தியம் 300, காலை ஒன்று, ராத்திரி இரண்டு. சீட்டோடு அக்காவும் வந்திருந்தார். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சுருக்குப் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பையன் தன் சட்டைப் பையிலிருந்து அதே அட்டையை எடுத்தார். போன வாரம் எடுத்த அவருடைய லித்தியம் அளவு 0.7.